நிலாக் கடிகாரமும் முதல் காவடியும்

திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆடிக் கிருத்திகைக்காக வரிசையாகப் பிளக்ஸ் பேனர்கள் கட்டியிருந்தார்கள். அவற்றில் ஒன்றின் முன்னால் பரசுராமன் தன் மொபெட்டை நிறுத்தினார். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் படித்தார். எழுத்து மாறவில்லை.

பேனரின் மேல்பாதியில் அவருடைய மகள் மோனிஷா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்குப் பின்னால் ஒரு முழு நிலா. 'நிலாவுக்கே நேரம் குறிக்கும் எங்கள் வீட்டுச் செல்வம்' என்று மஞ்சளில் கொட்டை எழுத்து. அதுவரைக்கும் பரசுராமனுக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. கீழே இரண்டு ஆண்களின் படம். ஒரே முகம், ஒரே மீசை, ஒரே முன்வழுக்கை. இடதுபக்கப் படத்தின் அடியில் 'முதல் காவடி: சிவப்பிரகாசம்' என்றிருந்தது. வலதுபக்கப் படத்தின் அடியில் வெறும் 'பரசுராமன்'. கடைசி வரிதான் அவரை அங்கேயே நிறுத்திவைத்தது. 'வாழ்த்தி மகிழும் பெரியப்பா சிவப்பிரகாசம்.'

பெரியப்பாவாம்!

சிவப்பிரகாசம் பரசுராமனோடு இரட்டையாகப் பிறந்தவர். பரசுராமன் முதலில் வந்தார், சிவப்பிரகாசம் பின்னாலேயே வந்தார். ஆகவே மோனிஷாவுக்கு அவர் சித்தப்பா. அவள் பேச ஆரம்பித்த நாள் முதல் அப்படித்தான் கூப்பிடுகிறாள். ஊரும் அப்படித்தான் அறியும்.

பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், தம்பி புரொமோஷன் வாங்கிட்டாரு போலகீதே?"

பரசுராமன் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், பிளக்ஸ்ல இன்னாடா போட்டு வச்சிருக்க?"

"பாத்துட்டியா? கலர் நல்லா வந்துகீதா? பொண்ணு மூஞ்சி கொஞ்சம் வெளுத்துடுச்சோன்னு எனக்கு ஒரு இது."

"அத வுடு. நீ எப்போடா எனக்கு அண்ணன் ஆன?"

"அத உன் பொண்ணத்தான் கேக்கணும்," என்றார் சிவப்பிரகாசம், சற்றும் கலங்காமல். "நானா ஆவல. மலை ஆக்கிடுச்சு."

இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள் கண்ணுகளா.

பரசுராமன் அரக்கோணத்தில் ரயில் ஓட்டியவர். சரக்கு வண்டியில் தொடங்கி, மின்சார வண்டி ஓட்டி, எக்ஸ்பிரஸ் வரைக்கும் போய் ஓய்வு பெற்றவர். சிவப்பிரகாசத்துக்கு மலைமேல் பூசைச் சாமான் கடை. விடிந்ததும் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் இறங்குவார். தேங்காய், கற்பூரம், மாலை, விபூதிப் பொட்டலம். அண்ணன் ஊர் ஊராக ஓடிக்கொண்டேயிருந்த வருஷங்களெல்லாம் தம்பி அந்த மலை உச்சியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவர்களுடைய அப்பாவை வீட்டில் எல்லோரும் நைனா என்பார்கள். ஆர்.கே.பேட்டை சாலையில் இருக்கும் கிராமத்திலிருந்து ஆண்டுதோறும் புஷ்பக் காவடி எடுத்துத் திருத்தணிக்கு நடந்து வருவது நைனா வைத்த வழக்கம். தான் போன பிறகு மூத்தவன் காவடி முன்னால் போக வேண்டும், மற்றவை பின்னால் வர வேண்டும் என்பதும் அவர் சொல்லிவைத்ததுதான். அப்படியே பரசுராமன் முதல் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அந்த ஒரு நாளுக்காக ரயில்வேயில் யாரிடமெல்லாமோ டூட்டியை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

சிவப்பிரகாசம் ஆடிக் கிருத்திகையன்று காவடியே எடுத்ததில்லை. கடைக்காரனுக்கு அன்றைக்குத்தானே வியாபாரம்! கூட்டம் கடையைப் பிய்த்துக்கொண்டு போகும். படியேறி வரும் அண்ணன் காவடியைக் கடைவாசலில் நின்று எட்டிப் பார்ப்பார். இரண்டு கையையும் தலைமேல் குவிப்பார். அதற்குள் யாராவது "கற்பூரம் குடுங்கய்யா" என்று பிடித்து இழுப்பார்கள். உள்ளே ஓடிவிடுவார். வருஷா வருஷம் இதே கதை.

இந்த வருஷம் மகன் ராஜேஷ் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். சிவப்பிரகாசத்துக்கு ஆசை வந்துவிட்டது. காவடி எடுக்கும் ஆசை மட்டும் இல்லை. ஒரே ஒரு தடவை, முன்னால் நடந்து, அந்த மலையில் ஏற வேண்டும். இத்தனை வருஷம் எந்த வாசலில் நின்று எட்டிப் பார்த்தாரோ அந்த வாசலை முதல் காவடியோடு கடக்க வேண்டும். மனைவி பாஞ்சாலியிடம் இதைச் சொன்னார். பாஞ்சாலி வாய்த்துடுக்கு உள்ளவள்தான். அன்றைக்கு அவள்கூடக் கேலி செய்யவில்லை.

அண்ணனிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டார்.

"நைனா வச்ச முறைடா," என்றார் பரசுராமன். "பெரியவன் முன்னால, சின்னவன் பின்னால. வேற இன்னா வேணா கேளு. அதுல நான் கை வைக்க மாட்டேன்."

இரண்டாம் முறை கேட்கிற சுபாவம் சிவப்பிரகாசத்துக்கு இல்லை. மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் மோனிஷா ஊருக்கு வந்து பேசினாள்.

மோனிஷாவுக்குப் பெங்களூரில் ஆராய்ச்சி வேலை. இப்போது பல நாடுகளும் நிலாவில் கலம் இறக்கத் தொடங்கிவிட்டன அல்லவா, அந்த நிலாவுக்கென்று தனியாக ஒரு நேரம் வேண்டும், அதை எப்படிக் கணக்கிடுவது என்று பார்க்கிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. தெருவில் இதைச் சொன்னால், "பொண்ணு இவ்ளோ படிச்சி கடிகாரம் ரிப்பேர் பண்ணுதா?" என்பார்கள். அப்படிக் கேட்ட ஒருவரிடம் சிவப்பிரகாசம் கடையில் வியாபாரத்தை நிறுத்திவிட்டுச் சண்டை போட்டிருக்கிறார். ஊர்க் கல்லூரி விழா ஒன்றில் பேச அவளை அழைத்தபோது முதல் வரிசையில் போய் உட்கார்ந்ததும் அவர்தான்.

மேடையில் மோனிஷா சொன்னது இது. பூமியின் இழுப்பு எங்கே அதிகமோ அங்கே கடிகாரம் மெதுவாக ஓடும். இழுப்பு எங்கே குறைவோ அங்கே வேகமாக ஓடும். கடிகாரத்தில் பழுது என்று நினைக்காதீர்கள், நேரமே அப்படித்தான் நடக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரமும் நின்றுகொண்டிருக்கும் கடிகாரத்தைவிட மெதுவாகத்தான் போகும். பிள்ளைகள் விழித்தார்கள். அதனால் அவள் ஊர் உதாரணத்துக்கு வந்தாள்.

"நம்ம மலை மேல ஒரு கடிகாரம், கீழே ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு கடிகாரம் வச்சா, மலை மேல இருக்கறது கொஞ்சம் வேகமா ஓடும். அதையே ஓடற ரயில்ல வச்சா அது இன்னும் கொஞ்சம் மெதுவாப் போகும்."

'நம்ம மலை' என்றதுமே அரங்கம் அதிர்ந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று அவள் அடுத்துச் சொன்னதை முதல் வரிசைக்காரர் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரின் தோளை உலுக்கி, "எங்க அண்ணன் பொண்ணு, எங்க அண்ணன் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும்போதே அவருக்குள் ஒரு மணி அடித்தது. மலைமேல் உட்கார்ந்தவன் யார்? நான். ரயிலில் ஓடினவன் யார்? அவன். அப்படியானால்?

மறுநாளே பிளக்ஸ் கடைக்குப் போய்விட்டார்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் மத்தியானம், கிராமத்தில் எல்லம்மாள் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். எல்லம்மாள் இரட்டையருக்கு அக்கா. காவடிகள் அவள் வீட்டிலிருந்துதான் கிளம்பும். கூடத்தில் சாமந்தியும் அரளியும் குவிந்து கிடந்தன. பாஞ்சாலியும், பரசுராமன் மனைவி கெங்கம்மாளும் பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில், முதுகைக் காட்டிக்கொண்டு, தத்தம் காவடிக்கு மயில்பீலி கட்டினார்கள்.

மோனிஷா பெங்களூர் வண்டியில் வந்து அரக்கோணத்தில் இறங்கி, திருத்தணி வழியாக வந்து சேர்ந்தாள். பேருந்து நிலையத்தில் பேனரைப் பார்த்ததும் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு 'பெரியப்பா' என்ற சொல்லைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

பையைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் எல்லம்மாள் ஆரம்பித்தாள். "வாம்மா ஜட்ஜ் அம்மா. ஒங்கப்பனும் சித்தப்பனும் காத்தாலேருந்து மொகம் குடுத்துப் பேசல. பச்சத்தண்ணி கேக்கறதுன்னாலும் எங்கிட்டச் சொல்லி அனுப்பறானுங்க."

"நான் எங்கக்கா பேசலன்னேன்?" என்றார் பரசுராமன். "பெரியவரு பேசட்டும்னு இருக்கேன். நமக்கு மூத்தவரு இல்லையா!"

"சொல்லட்டும், சொல்லட்டும்," என்றார் சிவப்பிரகாசம். "மோனி, நீயே சொல்லு. மலைமேல நேரம் வேகமா ஓடுமா ஓடாதா?"

"ஓடும் சித்தப்பா."

"சித்தப்பான்றா பாரு," என்றார் பரசுராமன்.

"வாய்ல பழகிடுச்சு, வுடு. ரயில்ல மெதுவா போவுமா போவாதா?"

"போகும்."

"அவ்ளோதான்!" சிவப்பிரகாசம் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "இவன் ஆயுசு பூரா ரயில்ல ஓடிகினு இருந்தான், இவன் நேரம் மெதுவா போச்சு. நான் ஆயுசு பூரா மலை மேல குந்திகினு இருந்தேன், என் நேரம் வேகமா போச்சு. பொறக்கும்போது இவன் முன்னால இருந்தான், ஒத்துக்கறேன். இப்ப நான் முந்திட்டேன். எனக்குத்தான் வயசு ஜாஸ்தி. முதல் காவடி எனக்கு."

கூடத்தில் எல்லாருடைய கண்ணும் மோனிஷாமேல்.

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இங்கே யாரும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை. அப்பாகூட ஏற்றுக்கொள்வார், மகள் சொல்லிவிட்டாளே என்று. சித்தப்பா ஆசைப்பட்டபடி முன்னால் நடப்பார். தனக்காகத் தெருவில் சண்டை போட்ட மனிதர். ஆனால், உள்ள நேரத்தை உள்ளபடி சொல்வதுதானே அவள் வேலை? அவளை நிலாவோடு சேர்த்துப் பேனர் போட்டதும் அந்த வேலைக்காகத்தானே? பெருமைப்படுகிறவரிடமே பொய்யைக் கொடுத்தால் அந்தப் பெருமைக்குத்தான் என்ன மரியாதை?

"அத்தை," என்றாள் எல்லம்மாளிடம். "இவங்க ரெண்டு பேரும் பிறந்தப்ப நடுவுல எவ்ளோ நேரம்?"

"நான்தான் கூட இருந்தேனே. ஒங்கப்பன் வந்தான். மருத்துவச்சி ஆயா வெந்நி கேட்டாங்க. நான் அடுப்பாண்ட போயி சொம்புல மொண்டுகினு வர்றதுக்குள்ள இவன் வந்து அழுதுகினு இருந்தான்."

மோனிஷா சித்தப்பா எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, நீங்க சொன்னது ரெண்டும் உண்மை. மலை உங்க நேரத்தை வேகப்படுத்திச்சு. ரயில் அப்பா நேரத்தை மெதுவாக்கிச்சு. ஆனா எவ்ளோன்னு நீங்க கேக்கவே இல்லையே."

"எவ்ளோ?"

"நீங்க கடை வச்ச நாளா இன்னி வரைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கற நேரம் இருக்கில்ல, அதைப் பல ஆயிரம் துண்டா நறுக்கி அதுல ஒரு துண்டு. அவ்ளோதான் சித்தப்பா."

சிவப்பிரகாசம் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்து பார்த்துக்கொண்டார்.

"அந்தத் துண்டுக்கா எங்கூட்டுக்காரரு பிளக்ஸ் அடிச்சாரு?" என்றாள் பாஞ்சாலி.

"சும்மா இருடி," என்றாள் எல்லம்மாள்.

கெங்கம்மாள் பூவைக் கீழே வைத்தாள். அவளுக்கு வேறு கவலை. "ஏம்மா, அவ்ளோ துளியுண்டு சமாசாரத்துக்கா உன்ன பெங்களூர்ல வேலைக்கு வச்சிகினு இருக்காங்க?"

மோனிஷா சிரித்துவிட்டாள். "நிலாவுல அது கொஞ்சம் பெருசும்மா. நிலாவோட இழுப்பு கம்மி. பூமியோட இழுப்பும் அங்க அவ்ளோ தூரத்துக்கு நூலாப் போயிடுது. அதனால அங்க கடிகாரம் நம்மளை விட வேகமா ஓடும். நிலா பூமியைச் சுத்தி ஓடிகினே இருக்கில்ல, அந்த ஓட்டத்துக்குக் கொஞ்சம் மெதுவாகும். அதைக் கழிச்சாலும் வேகம்தான் மிஞ்சும். சித்தப்பா ஆயுசுல சேர்த்ததை நிலாக் கடிகாரம் ஒரே காலைப் பொழுதுல சேர்த்துடும்."

"இருந்தாலும் துளிதானே?"

"துளிதான். ஆனா கலத்துக்கு வழி சொல்றது ஒளி போற வேகத்துல போற சிக்னல். ஒரே ஒரு நாள் வித்தியாசத்தைக் கணக்குல எடுக்காம வுட்டா, அந்தத் துளிக்குள்ள சிக்னல் திருத்தணியிலேருந்து கிளம்பி அரக்கோணத்தைத் தாண்டிடும். அவ்ளோ தூரம் தப்பாச் சொல்லிடும். மேடு எங்க பள்ளம் எங்கன்னு தெரியாம கலம் போயி மோதிடும்."

பரசுராமன் முதல் முறையாகத் திரும்பி உட்கார்ந்தார். ஸ்டேஷனைத் தாண்டுவது என்றால் என்ன என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அப்போ சிவப்பு சிக்னல தாண்டி நிக்கற மாதிரி," என்றார் மெதுவாக.

"அதேதான் அப்பா. தாண்டாம பாத்துக்கறதுதான் என் வேலை."

கெங்கம்மாள் மகளின் கன்னத்தைப் பூ வாசனையோடு வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

சிவப்பிரகாசம் மட்டும் குனிந்தபடி இருந்தார். கையில் இருந்த மயில்பீலியை விரலால் நீவிக்கொண்டே, "அப்போ நான் இன்னும் சின்னவன்தான்," என்றார்.

"ஆமா சித்தப்பா."

"ஊர் பூரா பெரியப்பான்னு போட்டுட்டேன்."

அவர் சொன்ன விதத்தில், கிண்டல் செய்யத் திறந்த வாயைப் பாஞ்சாலி மூடிக்கொண்டாள். மோனிஷா அவர் முழங்காலைத் தொட்டாள்.

"ஆனா ஒண்ணு சித்தப்பா. நீங்க பிறந்தப்ப ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் இன்னைக்கு அப்படியே இல்ல. குறைஞ்சிருக்கு."

அவர் தலை நிமிர்ந்தது. "குறைஞ்சிருக்கா?"

"குறைஞ்சிருக்கு. துளிதான். ஆனா நிஜம். உலகத்துல எந்த விஞ்ஞானியைக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவாங்க."

"மலை பண்ணுச்சா?"

"பெரும்பங்கு மலைதான். அப்பாவோட ரயிலும் கொஞ்சம்."

சிவப்பிரகாசம் அண்ணனைப் பார்த்தார். முகத்தில் ஏதோ விளக்கேற்றினாற்போல் இருந்தது. "டேய் பரசு, கேட்டியா? நான் மட்டும் கிட்ட வரல. நீயும் எனக்கோசரம் மெதுவா போயிருக்க."

"எக்ஸ்பிரஸ் ஓட்டினவன்டா நான். எங்கடா மெதுவா போனேன்?"

"வேகமாப் போனதாலதான் மெதுவாச்சு அப்பா," என்றாள் மோனிஷா.

"இன்னா எழவு கணக்கோ," என்றார் பரசுராமன். ஆனால் மீசைக்கு அடியில் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. முதல் காவடி?"

"உன்னுதுதான்," என்றார் சிவப்பிரகாசம். "பொண்ணு தீர்ப்பு சொல்லிடுச்சு. நான் பின்னால வரேன்." எழுந்து போய், தன் காவடியைச் சுவரோரம் இரண்டாவதாகச் சாத்திவைத்தார். பரசுராமன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

விடியும்போது கிளம்பினார்கள். மஞ்சள் வேட்டி, வெறுங்கால், தோளில் பூக்காவடி. முன்னால் பரசுராமன், பின்னால் சிவப்பிரகாசம், அதன் பின்னால் பெண்கள். ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் குழுக்களும் அம்மையார்குப்பத்து நெசவாளர் குழுக்களும் வழியில் வந்து கலந்தன. பம்பைச் சத்தமும் அரோகராவும் சாலையை நிறைத்தன. தண்ணீர்ப் பந்தலில் மோர் கொடுத்த ஆள், "நிலா பொண்ணு நீதானேம்மா?" என்று மோனிஷாவுக்கு இன்னொரு தம்ளர் ஊற்றினான். எல்லம்மாள் வாங்கிக் கொடுத்துவிட்டு, "எங்க பொண்ணுதான்," என்று அடுத்த பந்தல் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நடுவழியில் பரசுராமன் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏம்மா, இங்கேருந்து நிலாவுக்குப் போற கலம் எந்த நேரத்தைப் பாத்துகினு போகும்? நம்மளுதா, நிலாவுதா?"

"கிளம்பறப்ப நம்ம நேரம் அப்பா. அங்க போயி சுத்தறதுக்கும் எறங்கறதுக்கும் நிலா நேரம்தான் சரியா வரும். அங்கத்து இழுப்புக்கு அங்கத்து கடிகாரம்தான் ஒத்து வரும். நம்ம நேரத்தையே பாத்துகினு எறங்குன்னு அதை அதட்ட முடியாது."

"பூமி பெருசாச்சே. அதுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லையா?"

"பூமிக்கு அதெல்லாம் தெரியாது அப்பா. நமக்குத்தான் தெரியும்."

பரசுராமன் காவடியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்.

சரவணப் பொய்கையில் முழுகி எழுந்து, ஈர வேட்டியோடு மலையடிக்கு வந்தார்கள். படிக்கட்டில் மேலே வரைக்கும் மஞ்சள் நிறமாக மனிதத் தலைகள். பூவும் கற்பூரமும் வியர்வையும் கலந்த வாசனை. முதல் படிக்கு முன்னால் பரசுராமன் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இன்னாச்சு? முட்டி புடிச்சிகிச்சா?" என்று கேட்டாள் கெங்கம்மாள்.

"முட்டி நல்லாத்தான் இருக்கு." பரசுராமன் காவடியோடு மெல்லத் திரும்பினார். "டேய் சிவா, முன்னால வா."

"எதுக்குடா?"

"வாடான்னா."

சிவப்பிரகாசம் பக்கத்தில் வந்து நின்றார். ஒரே முகமும் ஒரே மீசையும் இரண்டு காவடிக்கு அடியில் எதிரெதிரே நின்றன.

"நான் வேலைல இருந்தப்ப," என்றார் பரசுராமன், "எந்த லைனுக்கும் வண்டிய சும்மா ஓட்டிகினு போயிட முடியாது. முன்னாடியே போயி அந்த லைனக் கத்துக்கணும். எங்க மேடு, எங்க வளைவு, எங்க சிக்னல், எல்லாம் தெரியும்னு கையெழுத்து போடணும். தெரியாத லைன் வந்துடுச்சுன்னா, எவ்ளோ பெரிய சீனியரா இருந்தாலும், தெரிஞ்சவன்கிட்ட வுட்டுட்டு நகந்துக்கணும். அவன் ஜூனியரா இருந்தாலும் சரி. அதுல யாருக்கும் கௌரவக் குறைச்சல் கிடையாது."

"அதுக்கு?"

"ரோடு என் லைன். ஓட்டிகினு வந்துட்டேன். மேல போறது உன் லைன். இந்த மலைய எனக்கு வருஷத்துக்கு ஒரு நாள்தான் தெரியும். உனக்கு ஆயுசுக்கும் தெரியும். போ முன்னால."

பம்பைக்காரர்கள் அடித்துக்கொண்டேயிருந்தார்கள். சிவப்பிரகாசம் காவடியை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நைனா வச்ச முறை?" என்றார்.

"நைனா முருகனாண்ட போயி சேரணும்னுதான் காவடி எடுத்தாரு. வழியில எவன் முன்னாலன்னு சண்ட போட இல்ல. சொல்ல வேண்டியத நான் நைனாகிட்ட சொல்லிக்கறேன். ஏர்றா."

"இன்னா அங்க மீட்டிங்கு?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "வழி வுடுங்கப்பா!"

சிவப்பிரகாசம் முதல் படியில் கால் வைத்தார்.

அந்த ஏற்றத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், கண்ணுகளா. தினமும் தேங்காய் மூட்டையோடு ஏறின கால்கள் அவை. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. எங்கே படி தேய்ந்திருக்கிறது, எங்கே எண்ணெய் சிந்தி வழுக்கும், எங்கே நிழலில் ஒரு மூச்சு நிற்கலாம் என்று அவர் பாதத்துக்கே தெரிந்திருந்தது. "இடதுபக்கம் வா, இது ஆடும்," என்று பின்னால் குரல் கொடுத்துக்கொண்டே போனார். பரசுராமன் சொன்னபடி இடதுபக்கம் போனார். படியோரம் பூ விற்கிறவர்கள், எலுமிச்சம்பழக்காரி, செருப்புப் பார்க்கிறவர், எல்லோரும் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். "நம்ம கடைக்காரருடா! காவடி எடுத்துகினு வர்றாருடா!" ஒருத்தி தன் கூடையிலிருந்து ஒரு பிடி பூவை அள்ளி அவர் காவடிமேல் வீசினாள்.

மோனிஷா பின்னால் ஏறிக்கொண்டே இரண்டு பேரையும் பார்த்தாள். ஏறும் ஒவ்வொரு படிக்கும் இருவருடைய நேரமும் மிகமிகச் சிறிதாய் வேகம் கூடிக்கொண்டிருந்தது. அது ஒரு கடிகாரத்திலும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

பாதி மலையில், நகரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தெலுங்குக்காரர் அவர்களோடு ஏறினார். முன்னால் ஒரு முறை பார்த்தார், பின்னால் ஒரு முறை பார்த்தார். "அச்சு ஒண்ணாவே இருக்கீங்களே! உங்க ரெண்டு பேருல யாருங்க பெரியவரு?" என்றார்.

"முன்னால போறவரு," என்றார் பரசுராமன், மூச்சு வாங்கிக்கொண்டே.

சிவப்பிரகாசம் திரும்பவில்லை. திரும்பினால் காவடி சாயும். ஆனால் படியோரத்துக் கூட்டம் முழுவதும் கேட்கும்படி, கடையில் கூவிக் கூவிப் பழகின தொண்டையால் சொன்னார்.

"இல்லீங்க. பின்னால வர்றாரு பாருங்க, அவருதான் பெரியவரு. எங்க அண்ணன். என்னை முன்னால வுட்டுட்டு வர்றாரு."

பிறந்தது முதல் வாடா போடா என்றே பேசிவந்த தம்பியின் வாயிலிருந்து தன் காதுபட 'எங்க அண்ணன்' என்று வந்ததும் பரசுராமனுக்கு ஒரு படி தவறிப்போகப் பார்த்தது. கெங்கம்மாள் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டாள். அவர் சமாளித்து நின்று, காவடியை நேராக்கிக்கொண்டு, நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து, மலையே கேட்கும்படி ஒரு அரோகரா போட்டார். முன்னால் போனவர் அதற்கு எதிர்க்குரல் கொடுத்தார்.